டெக்சாஸ் ஸ்டேட் வந்தால் ஆஸ்டின் வந்துவிடுமா? பேக்-12-இன் ஒன்பதாவது அணி யார்?

பாலூஸ்காற்று:
அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பான (கான்பரன்ஸ்) பேக்-12 பற்றி நேற்று ‘ஐ-35’ இங்கே எழுதியதை அப்படியே தருகிறேன்: “டெக்சாஸ் ஸ்டேட்டைச் சேர்த்ததும் ஆஸ்டின் சந்தை பேக்-12 கைக்கு வந்தாச்சு. அடுத்து யுடிஎஸ்ஏ-வை எடுத்தா சான் அன்டோனியோவும் நமக்குத்தான்.”

படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டெக்சாஸ் ஸ்டேட் இருக்கும் சான் மார்கோஸிலிருந்து ஆஸ்டின் 30 மைல். டெக்சாஸ் ஸ்டேட்டுக்கும் ஆஸ்டினுக்கும் அவ்வளவுதான் உறவு. ஆஸ்டின் லாங்ஹார்ன்ஸ் ஊர், அதாவது டெக்சாஸ் பல்கலை அணியின் ஊர். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் அங்கே நிரம்புகிறது. அந்த ஊரில் சனிக்கிழமை டெக்சாஸ் ஸ்டேட்–யூட்டா ஸ்டேட் ஆட்டத்தைத் தேடி யார் ரிமோட்டை எடுப்பார்கள்?

சந்தை சந்தை என்று பேசித்தான் பழைய பேக்-12 பாழாய்ப் போனது; 2024-இல் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்தான். 2012-இல் பேக்-12 நெட்வொர்க் தொடங்கியபோது லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், பீனிக்ஸ், டென்வர் எல்லாம் வரைபடத்துக்குள் இருந்தன. டைரக்டிவி என்ற சாட்டிலைட் டிவி நிறுவனம் கடைசி வரை அந்தச் சேனலை எடுக்கவே இல்லை. 2024 ஜூனில் மூடினார்கள். வரைபடம் சோறு போடாது.

ஒன்பதாவது ஃபுட்பால் அணி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எட்டு அணி ஒரு சுற்று ஆடினால் ஆளுக்கு ஏழு ஆட்டம். நான்கு அணிக்குச் சொந்த மண்ணில் நான்கு கிடைக்கும், மற்ற நான்குக்கு மூன்றுதான். ஒன்பது அணி என்றால் எல்லோருக்கும் உள்ளே நான்கு, வெளியே நான்கு. கான்பரன்ஸுக்கு வெளியே தேட வேண்டிய ஆட்டமும் ஐந்திலிருந்து நான்காகக் குறையும். அந்த ஒன்பதாவது இடம் லாஸ் வேகாஸின் யுஎன்எல்வி-க்கு.

ஐ-35:
என் பேரைச் சொல்லியே இழை தொடங்கிட்டீங்க, சந்தோஷம். சான் மார்கோஸ் ஹேஸ் கவுண்டியின் தலைநகர். டிவி பார்வையாளர்களைக் கணக்கெடுக்கிற நீல்சன் நிறுவனத்தோட கணக்குல ஹேஸ் கவுண்டி ஆஸ்டின் சந்தை. இது என் அபிப்ராயம் இல்ல, வரைபடத்துல இருக்கு.

யுஎன்எல்வி-க்கு என்ன விலைன்னு பார்த்தீங்களா? 2024 சீசனுக்கு ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மவுண்டன் வெஸ்ட் கான்பரன்ஸோட போட்ட ஆட்ட ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து: எங்க அணியைத் தூக்கினா முதல் அணிக்கு 10 மில்லியன் டாலர், அடுத்தடுத்த அணிக்கு அரை அரை மில்லியன் கூட. தூக்கினது பாய்சி, கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ, சான்டியாகோ, யூட்டா ஸ்டேட், ஆக ஐந்து. 10, 10.5, 11, 11.5, 12. மொத்தம் 55 மில்லியன். ஆறாவதா யுஎன்எல்வி வந்திருந்தா இன்னும் 12.5. அதுக்கு மேல அணி கட்ட வேண்டிய வெளியேறும் கட்டணம் 18 மில்லியனை ஒட்டி.

டெக்சாஸ் ஸ்டேட்டுக்கு என்ன ஆச்சு? பழைய கான்பரன்ஸான சன் பெல்ட்டுக்கு 5 மில்லியன். 2025 ஜூலை 1 பிறந்திருந்தா 10 ஆகியிருக்கும். ஜூன் 30 அன்னிக்கே அறிவிச்சாங்க. ஐந்து மில்லியனுக்கு ஆஸ்டின் சந்தை. இதைவிட மலிவா யார் வாங்கியிருக்கா?

பாலூஸ்காற்று:
மலிவு என்பதை நான் மறுக்கவே இல்லை. கல்லூரி ஃபுட்பாலின் மேல் அடுக்கான எஃப்பிஎஸ்-இல் ஒரு கான்பரன்ஸுக்கு எட்டு ஃபுட்பால் அணி வேண்டும், அதற்குக் குறைவாக இருக்கத் தந்த சலுகைக் காலம் 2026 ஜூலை 1 வரைதான். புதிய உறுப்பினரான கொன்சாகா இந்தக் கணக்கில் சேராது, அவர்கள் 1941-க்குப் பிறகு ஃபுட்பால் ஆடவில்லை. தலைக்கு மேல் கத்தி தொங்கியது, கிடைத்ததை எடுத்தார்கள். அதை அப்படியே சொல்லுங்கள். ‘ஆஸ்டின் சந்தை’ என்று ஏன் முலாம் பூசுகிறீர்கள்?

ஐ-35:
முலாம் இல்ல அண்ணே. ஹேஸ் கவுண்டி ஆஸ்டின் சந்தைதான்.

மெம்பிஸ்மைந்தன்:
இரண்டு பேரும் சில்லறை எண்ணுகிறீர்கள். இந்தக் கான்பரன்ஸுக்கு உண்மையில் தேவைப்பட்டது மெம்பிஸ். கூடைப்பந்து, ஃபுட்பால் இரண்டிலும் ஆள் வரும் ஊர். 2024 செப்டம்பர் 23 அன்று மெம்பிஸ், டுலேன், சவுத் ஃபுளோரிடா, யுடிஎஸ்ஏ நான்கும் சேர்ந்து “நாங்கள் அமெரிக்கன் கான்பரன்ஸிலேயே இருக்கிறோம்” என்று அறிக்கை விட்டார்கள். பேக்-12 பணத்தை உறுதியாகச் சொல்லாததுதான் காரணம். டிவி ஒப்பந்தம் கையில் இல்லாமல் பெண் கேட்கப் போனால் யார் கொடுப்பார்கள்?

பாலூஸ்காற்று:
மெம்பிஸ் நண்பரே, அமெரிக்கன் விதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கிளம்ப 27 மாத முன்னறிவிப்பு, 10 மில்லியன் டாலர். முன்னதாகப் போக வேண்டுமென்றால் பேரம். ஹூஸ்டன், சின்சினாட்டி, யுசிஎஃப் மூன்றும் 2023-இல் பிக்-12 கான்பரன்ஸுக்குப் போக ஆளுக்கு 18 மில்லியன் கட்டின. டல்லாஸின் எஸ்எம்யு ஓராண்டுக்குள் ஏசிசி கான்பரன்ஸுக்குப் போக 25 மில்லியன். யுடிஎஸ்ஏ-வும் அதே கூண்டில்தான் இருக்கிறது. ‘அடுத்து யுடிஎஸ்ஏ’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவருக்கு இது தெரியுமா?

ஐ-35:
எஸ்எம்யு பேச்சை நீங்களே எடுத்தீங்க. 2023 பிப்ரவரியில பேக்-12 கமிஷனர் டல்லாஸ் போனப்போ “எஸ்எம்யு நமக்குத் தேவையில்லாத சுமை” என்று பக்கம் பக்கமா எழுதினது யார்? அதே எஸ்எம்யு ஒன்பது வருஷம் டிவி பணமே வேண்டாம்னு ஏசிசி போய், முதல் சீசன்லயே தேசியப் பட்டத்துக்கான ப்ளேஆஃப் ஆடிச்சு. டல்லாஸ் சந்தையை விட்டவங்களுக்கு ஆஸ்டின் சந்தையோட அருமை தெரியாது.

பாலூஸ்காற்று:
எழுதினேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். எஸ்எம்யு ப்ளேஆஃபுக்குப் போனது அணிக்குப் பின்னால் நின்ற பணத்தால். ஒன்பது ஆண்டு டிவி பங்கு இல்லாமல் தாக்குப்பிடிக்க நன்கொடையாளர் கூட்டம் வேண்டும். டல்லாஸ் சந்தை அவர்களுக்கு ஒரு டச்டவுனும் போடவில்லை. ஸ்டான்போர்டும் கால் பல்கலையும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவையே கொண்டுவந்தும் ஏழு ஆண்டுக்கு 30 சதவீதப் பங்குதான் வாங்கினார்கள். சந்தைக்கு இன்றைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

புதியவன்_எல்கே:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ‘சந்தை’ என்று இருவரும் சொல்வது ஒன்றேதானா? ஒளிபரப்பு எட்டும் பகுதியா, உண்மையில் பார்க்கிற ஆட்களா?

ஐ-35:
நீல்சன் வரைபடத்துல ஹேஸ் கவுண்டி எங்க இருக்குன்னு பாருங்க. முடிஞ்சது.

பாலூஸ்காற்று:
வரைபடத்தில் இருப்பதும் வாடிக்கையாளர் வருவதும் வேறு வேறு.

2014-இல் பிக் டென் கான்பரன்ஸ் நியூஜெர்சியின் ரட்கர்ஸை எடுத்தபோது சந்தைக்கு அர்த்தம் இருந்தது. சொந்தச் சேனல் இருந்தது. கேபிள் நிறுவனம் கான்பரன்ஸ் அணி இருக்கும் மாநிலத்தில் வீட்டுக்கு ஒரு கட்டணம் கொடுக்கும், வெளி மாநிலத்தில் சில சென்ட் மட்டும். ரட்கர்ஸ் ஆட்டத்தை ஒருவர்கூடப் பார்க்காவிட்டாலும் நியூஜெர்சி வீடுகளுக்குக் கட்டணம் ஏறியது. இப்போது பேக்-12-இடம் அப்படியொரு சேனலே கிடையாது. 2026 முதல் சிபிஎஸ், யுஎஸ்ஏ நெட்வொர்க், சிடபிள்யூ. சிபிஎஸ்ஸின் முதன்மைச் சேனலில் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு ஃபுட்பால் ஆட்டம், யுஎஸ்ஏ-வில் 22, சிடபிள்யூ-வில் 13. மூன்றும் நாடு முழுக்கத் தெரியும். ஆஸ்டினில் அணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்டின் வீட்டிலிருந்து வரும் கட்டணத்தில் ஒரு சென்ட் மாறாது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் அடுத்த ஒப்பந்தத்தில் பேசும்.

பார்க்க வைக்கிற ஆட்டம் எது? பாய்சி ஸ்டேட்–யுஎன்எல்வி. 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டும் மவுண்டன் வெஸ்ட் இறுதி ஆட்டம் இவர்களுக்குள்தான்.

மெம்பிஸ்மைந்தன்:
மூன்றிலும் யுஎன்எல்வி தோற்றது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பாலூஸ்காற்று:
தோற்றாலும் இறுதிக்கு வந்தார்கள். மெம்பிஸ் எந்த இறுதிக்கு வந்தது?

மெம்பிஸ்மைந்தன்:
2019-இல் அமெரிக்கன் பட்டத்தை வென்று காட்டன் பவுல் என்ற பெரிய ஆட்டத்துக்கே போனது. பென் ஸ்டேட்டுக்கு எதிராக 39 புள்ளி எடுத்த அணி அது. மறந்துவிட்டதா, மறைக்கிறீர்களா?

பாலூஸ்காற்று:
2019-ஐப் பிடித்துத் தொங்கினால் 2026-க்கு ஆட்டம் நிரப்ப முடியாது.

கோர்வாலிஸ்கிளி:
ஃபுட்பாலை விட்டுக் கொஞ்சம் வெளியே வாங்க. ஓரிகன் ஸ்டேட் 2006, 2007, 2018 மூன்று முறை பேஸ்பால் சாம்பியன். 2025-இல் கான்பரன்ஸே இல்லாமல் தனியாக ஆடி, தேசிய இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹா வரை போனது. தேசியப் போட்டிக்குத் தானாக இடம் கிடைக்கப் பேஸ்பால் ஆடும் உறுப்பினர் ஆறு பேர் வேண்டும். பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் மூன்றிலும் பேஸ்பால் அணி கிடையாது. மீதி ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஃப்ரெஸ்னோ, சான்டியாகோ, கொன்சாகா. ஐந்து. ஆறாவது டெக்சாஸ் ஸ்டேட். இதை ஒருத்தரும் பேசலை.

ஐ-35:
கிளி சரியாச் சொன்னாங்க. ஐந்து மில்லியனுக்கு எட்டாவது ஃபுட்பால் அணி, ஆறாவது பேஸ்பால் அணி, கூடவே ஆஸ்டின் சந்தை.

பாலூஸ்காற்று:
யுஎன்எல்வி-யும் பேஸ்பால் ஆடுகிறது. முதல் இரண்டும் சரி, மூன்றாவது பொய்.

கோர்வாலிஸ்கிளி:
பாலூஸ் அண்ணா, என் கணக்கை ஒப்புக்கொள்ளாமலே தாண்டிப் போறீங்க. வாஷிங்டன் ஸ்டேட் ரசிகர்கள் எப்பவும் இப்படித்தான். 2024-இல் இரண்டு பேரும் ஒரே படகில் இருந்தப்பவும் வாய் உங்களுடையதுதான் பெரிசா இருந்தது.

பாலூஸ்காற்று:
ஓரிகன் ஸ்டேட்டுக்குப் பயணக் கவலை குறைவு, அதனால் பேசலாம். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மேன் ஊரைப் பாருங்கள். உருப்படியான விமான நிலையம் வேண்டுமென்றால் ஸ்போகேனுக்கு 75 மைல் போக வேண்டும். சான் மார்கோஸிலிருந்து வாலிபால் அணி வந்தால் பேருந்தில் ஆஸ்டின் விமான நிலையம், அங்கிருந்து சியாட்டில், மாறி ஸ்போகேன், மறுபடி பேருந்து. குளிர்காலத்தில் சியாட்டில் இணைப்பு தவறினால் ஒரு இரவு ஹோட்டல், முப்பது பேருக்கு. இருபாலர் கூடைப்பந்து, வாலிபால் எல்லாவற்றுக்கும் இதே கதை.

இதைக் குறைக்கத்தான் ஜோடி முறை. வியாழன் ஒரு ஊர், சனி பக்கத்து ஊர், ஒரே பயணத்தில் இரண்டு ஆட்டம். கொன்சாகாவும் வாஷிங்டன் ஸ்டேட்டும் இயல்பான ஜோடி. ஃப்ரெஸ்னோ–சான்டியாகோ, யூட்டா ஸ்டேட்–கொலராடோ ஸ்டேட், பாய்சி–ஓரிகன் ஸ்டேட். மிச்சம் நிற்பது டெக்சாஸ் ஸ்டேட் மட்டும். ஒரே ஒரு ஆட்டத்துக்காக எட்டு அணியும் தனியாகப் பறக்க வேண்டும்.

ஐ-35:
அப்போ பக்கத்துல ஜோடி போட யுடிஎஸ்ஏ-வை எடுக்கணும்னு நான் சொன்னது சரிதானே? 50 மைல், ஐ-35 நெடுஞ்சாலையில ஒரு மணி நேரம். அவங்க மைதானம் அலமோடோமில் 60,000 பேருக்கு மேல உட்காரலாம். உங்க வாயாலயே வந்துடுச்சு.

மத்திய நேரமும் ஒரு லாபம். மேற்குக் கரையில காலை 10 மணிக்குக் கிக்ஆஃப் வெச்சா கூட்டம் வராது. சான் மார்கோஸ்ல அதே நேரம் பகல் 12. டிவிக்காரங்களுக்குப் பகல் இடத்தை நிரப்பத் தோதான ஊர் இது ஒண்ணுதான். அதுவும் ஆஸ்டின் சந்தையில.

பாலூஸ்காற்று:
பகல் 12 மணி வாதம் நல்ல வாதம். ஆனால் கான்பரன்ஸில் சொந்த மண் ஆட்டம் அதிகபட்சம் நான்கு. ஆண்டுக்கு நான்கு பகலை நிரப்பிவிட்டு ‘ஆஸ்டின் சந்தை’ என்று கொடி ஏற்றாதீர்கள். யுடிஎஸ்ஏ-வுக்கு 27 மாதம், அதை முதலில் தீருங்கள்.

ஐ-35:
யுஎன்எல்வி-க்கு 12.5-உம் 18-உம், அதை முதல்ல தீருங்க. ஒரு வருஷத்துக்குள்ள நோட்டீஸ் கொடுத்தா 18 இரட்டிப்பாகும், அதையும் சேர்த்து. 2023 ஜூன்ல சான்டியாகோ ஸ்டேட் கிளம்புறோம்னு மவுண்டன் வெஸ்ட்டுக்குக் கடிதம் எழுதிட்டு என்ன பாடு பட்டாங்கன்னு ஞாபகம் இருக்குல்ல? ஜூன் 30 தாண்டினா 34 மில்லியன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்து நின்னாங்க.

பாலூஸ்காற்று:
அந்த அபராத ஷரத்தே செல்லாது என்று பேக்-12 2024 செப்டம்பரில் வழக்குப் போட்டது. 12.5-ஐக் கல்லில் செதுக்கியது போல் எழுதாதீர்கள்.

மெம்பிஸ்மைந்தன்:
வழக்கு நம்பி அணி சேர்க்கிற கான்பரன்ஸுக்கு மெம்பிஸ் வராமல் இருந்ததே நல்லது.

பாலூஸ்காற்று:
வராதவருக்கு இந்த இழையில் என்ன வேலை?

யுஎன்எல்வி-யை விட்டது பேக்-12 2021 ஆகஸ்டில் செய்த அதே தவறு. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் கிளம்பி பிக்-12 நொந்து கிடந்த நேரம், அதன் மிச்ச எட்டு அணி வாசலில் நின்றது. “விரிவாக்கம் வேண்டாம்” என்று அறிக்கை விட்டார்கள். இரண்டே ஆண்டில் அதே பிக்-12 பேக்-12-இலிருந்து கொலராடோ, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா நான்கையும் தூக்கியது.

ஐ-35:
அந்த எட்டுல நாலு டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம். அப்பவே டெக்சாஸ்ல கால் வெச்சிருக்கணும்னு நீங்களே சொல்றீங்க. இப்பதான் வெச்சிருக்கோம். ஹேஸ் கவுண்டியில. ஆஸ்டின் சந்தையில.

பாலூஸ்காற்று:
முதல் சீசன் முடிந்ததும் ஆஸ்டினில் எத்தனை வீடு டெக்சாஸ் ஸ்டேட் ஆட்டம் பார்த்தது என்ற எண்ணோடு வாருங்கள். வரைபடத்தோடு வராதீர்கள்.

கோர்வாலிஸ்கிளி:
பேஸ்பால் கணக்குக்கு இன்னும் பதில் வரலை.