மழையில் பிரேக் மிதி அதிர்ந்தால் காலை எடுக்கலாமா?

கேள்வி: 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் மழையின்போது காரில் இறங்குகையில், பிரேக்கை அழுத்தி மிதித்ததும் மிதி காலடியில் படபடவென அதிர்ந்தது. அப்போது காலை எடுத்துவிடுவது சரியா, நண்பர்களே?

பதில் 1: எடுக்கவே கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி ஏபிஎஸ் அமைப்பு பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடிப்பதால்தான் அந்த அதிர்வு உண்டாகிறது. மிதியை அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்.

பதில் 2: 1995இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமான இஎஸ்சி, அதாவது வண்டி நிலைதவறாமல் காக்கும் மின்னணு அமைப்பு, இன்னும் ஒரு படி மேல். ஸ்டீயரிங் காட்டும் திசையிலிருந்து வண்டி விலகினால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுக்கும்.

பதில் 3: ஆனாலும் டயரின் பிடிப்பை மீறி எந்தக் கருவியாலும் காப்பாற்ற இயலாது. டயர் பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றாலும், தயவுசெய்து அதுவரை தேயவிடாதீர்கள். இறக்கத்தில் குறைந்த கியரிலேயே வாருங்கள்.