பி450 போர்டில் ரைசன் 5 2600: 4.0 ஜிகாஹெர்ட்ஸில் நிற்க மாட்டேங்குது

கேள்வி:
சிபியுவை ஓவர்கிளாக் பண்ணி (வேகத்தைக் கூட்டி) எல்லா கோரும் 4.0 ஜிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் வெச்சிருக்கேன். சினிபெஞ்ச் (சிபியு வேகம் அளக்குற டெஸ்ட்) ஓடிடுது. பிரைம்95-ங்கிற ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல ஸ்மால் எஃப்எஃப்டி (சிபியுக்கு ரொம்ப லோடு கொடுக்குற மோடு) போட்டா சில நிமிஷத்துல ரீஸ்டார்ட். சிபியு சூடு 74 டிகிரிதான். போர்டுல விஆர்எம் (சிபியுக்கு வோல்டேஜ் கொடுக்குற சர்க்யூட்) 4 ஃபேஸ், அதாவது நாலு பிரிவு; அது மேல ஹீட்சிங்க் கிடையாது. வோல்டேஜ் ஏத்தலாமா?

பதில் 1:
ஏத்தாதீங்க ப்ரோ. முதல்ல ஹெச்டபிள்யூஇன்ஃபோல (சென்சார் அளவுகளைக் காட்டுற ப்ரோகிராம்), லோடு ஓடும்போது எஸ்விஐ2 கோர் வோல்டேஜ், அதாவது சிபியுக்கு நிஜமா போற வோல்டேஜ், எவ்வளவுன்னு பாருங்க. பயாஸ்ல 1.35 வெச்சும் 1.26-க்கு இறங்குதுன்னா அது வீட்ரூப் (லோடுல வோல்டேஜ் சரியுறது). அந்தச் சரிவை ஈடுகட்டுற பயாஸ் செட்டிங்கான எல்எல்சி-யை நடு லெவல்ல வைங்க. உச்சத்துல வெச்சா லோடு விடுற நொடியில வோல்டேஜ் எகிறும். லெவல் 1 உச்சமா கடைசியான்னு போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலைப் பார்த்துக்குங்க.

பதில் 2:
எக்ஸ்எம்பி-யை (ராமை கூடுதல் வேகத்துல ஓட்டுற செட்டிங்) அணைச்சு ராமை 2133-ல ஓட்டிப் பாருங்க. அப்போ ரீஸ்டார்ட் நின்னா சிபியு மேல பழி போட வேண்டாம்.

பதில் 3:
ஹீட்சிங்க் இல்லாத 4 ஃபேஸுக்கு ஸ்மால் எஃப்எஃப்டி ரொம்ப ஓவர். சிபியு சென்சார்ல தெரியுற 74 டிகிரி, மாஸ்ஃபெட் (விஆர்எம்-ல கரண்டை ஸ்விட்ச் பண்ற சிப்) சூட்டைக் காட்டாது. டவர் கூலர் காத்து அங்கே இறங்காது. ஒரு 80 மிமீ ஃபேனை மாஸ்ஃபெட் பக்கம் திருப்பி வெச்சு அதே டெஸ்டை ஓட்டுங்க. அதிக நேரம் தாங்கினா காரணம் விஆர்எம்தான். அப்புறம் 3.9 ஜிகாஹெர்ட்ஸ், 1.275 வோல்ட்டுக்கு இறங்குங்க. பவர் வோல்டேஜோட வர்க்கத்துல ஏறுறதால, வோல்டேஜ்ல மட்டுமே சுமார் 11 சதவீதம் மிச்சம். 100 மெகாஹெர்ட்ஸ் போனது கேம்ல தெரியவே தெரியாது.