மறைசாட்சியரின் திருநாள் எந்நாளில்?

கிருஷ்ணகிரி வாசகர்: எங்கள் பங்குக் கோவிலில் புனித தேவசகாயத்தின் திருநாளான ஜனவரி 14 பொங்கல் வேலைகளோடு சேர்ந்தே வருகிறது. அவர் பிறந்தநாளை விடுத்து இந்நாளைத் தேர்ந்தது ஏன் என்று அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: 1752ஆம் ஆண்டு அந்நாளில்தான் அவர் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறைசாட்சி (விசுவாசத்திற்காக உயிரைக் கொடுப்பவர்) உயிர்விடும் நாளே விண்ணகத்தில் அவர் பிறக்கும் நாள் என்று திருச்சபை தொன்றுதொட்டுக் கருதுவதால், ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தருக்கும் பிப்ரவரி 4ஆம் நாளே திருநாளாயிற்று.

தருமபுரி வாசகர்: விதிவிலக்கும் உண்டு, ஐயா. திருமுழுக்கு யோவானின் பிறப்பு ஜூன் 24இலும், பாடுகள் (அவர் கொலையுண்டது) ஆகஸ்ட் 29இலும் நினைவுகூரப்படுகின்றன. முன்னதற்குக் குருவானவர் வெண்ணிற உடையும், பின்னதற்கு இரத்தம் சிந்தியதன் அடையாளமாகச் செந்நிற உடையும் அணிவார். (எங்கள் பீடச் சிறுவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.)

கிருஷ்ணகிரி வாசகர்: நன்றி, ஐயா. ஜனவரி 14இல் எங்கள் பீடத்தில் சிவப்பைக் கண்டதன் காரணமும் இப்போது விளங்கியது.