ஓசூர் பக்கத்து போன் கம்பெனிப் பங்கு: பங்கு வாங்கற ஆப்பில் தேடினா வேற பேர் வருது, உதவி தேவை

காவேரிப்பட்டணம்:
வணக்கம்ங்க. 3 லட்சம் போடலாம்னு இருக்கேன். திம்ஜேப்பள்ளி பக்கம் ஐபோன் வேலை நடக்கிற டாடா எலக்ட்ரானிக்ஸைத் தேடினா டாடா எல்க்ஸிதான் வருது. ரெண்டும் ஒண்ணா? வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் ஐபிஓவுக்கு (பங்கு முதல்முறை சந்தைக்கு வர்றதுக்கு) முந்தின பங்கு தர்றேன், இன்னைக்கே முன்பணம் போடுங்கன்னு சொல்றார்.

சிப்காட் ஓசூர்:
முன்பணம் போடாதீங்க. டாடா எலக்ட்ரானிக்ஸ், டாடா சன்ஸின் முழுச் சொந்தக் கம்பெனி. சந்தையில் பட்டியலாகலை, அதனால வெளியாள் கையில் விக்கிறதுக்குப் பங்கே கிடையாது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தா இப்பவே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்க. பணம் கணக்கு மாறிப் போறதுக்குள்ள சொன்னாத்தான் முடக்க முடியும்.

எல்க்ஸி வேற கம்பெனி. கார், ஒளிபரப்பு, மருத்துவக் கருவிகளுக்கு டிசைனும் மென்பொருளும் செய்யுது. போன் தயாரிக்கிறதில்லை.

காவேரிப்பட்டணம்:
பணம் அனுப்பலைங்க, நல்லவேளை. அப்போ போன் செய்யற பட்டியலான கம்பெனி எது? டிக்ஸன் வாங்கலாமா?

பாலக்கோடு:
டிக்ஸன் 2017ல பட்டியலானது, மத்த பிராண்டுகளுக்குப் போன் செஞ்சு கொடுக்கிறது. நம்ம கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை மாதிரின்னு வெச்சுக்குங்க. காய் வாங்கிக் கூழாக்கிக் கொடுப்பாங்க, பாட்டில்ல பேர் போட்டு விக்கிறவருக்குத்தான் பெரிய லாபம்.

விற்பனை 2023-24ல சுமார் 17,700 கோடி, அடுத்த வருஷம் சுமார் 38,900 கோடி. வேகம் பெருசுதான். ஆனா 100 ரூபா பில்லுக்கு வட்டி, தேய்மானம், வரிக்கு முன்னால நிக்கிறது 4 ரூபா சுமார். பிராண்டுக்காரர் விலையில் 1 ரூபா குறைச்சா அதில் கால்வாசி போச்சு. 2024-25 லாபத்தில் ஒரே தடவை வந்த ஆதாயமும் கலந்திருக்கு, அதைக் கழிச்சுட்டுத்தான் வளர்ச்சியைக் கணக்குப் போடணும்.

விலையையும் பாருங்க. லாபத்தைப் போல 100 மடங்கு விலையில் 1 லட்சம் போட்டா உங்க பங்குக்கு வர்ற லாபம் வருஷம் 1,000. அது வருஷத்துக்கு 25% வீதம் 3 வருஷம் வளர்ந்தா 1,953. அப்போ சந்தை 50 மடங்குதான் கொடுக்கும்னா கையில் 97,650. லாபம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகியும் முதல் தேயுது. டிக்ஸன் பங்கு 100 மடங்குக்கு மேலயே வித்த காலம் உண்டு.

சிப்காட் ஓசூர்:
இன்னொண்ணு, பிஎல்ஐ, அதாவது உற்பத்திக்கு ஏத்த மாதிரி அரசு கொடுக்கிற ஊக்கத்தொகை. 2020ல அறிவிச்ச திட்டம், கூடுதல் விற்பனைக்கு 4 முதல் 6% ஊக்கத்தொகை. 2025-26 விற்பனை வரைக்கும்தான் அந்தக் காலம். ஆண்டறிக்கையில் குறிப்புகள் பகுதிக்குப் போய் அரசு மானியம்ங்கிற வரியைத் தேடி, அந்தத் தொகையை லாபத்திலிருந்து கழிச்சுப் பாருங்க. அடுத்து பணப்புழக்க அறிக்கை. லாபம் ஏறியும் செயல்பாட்டுப் பணம் (தொழில் நடத்திக் கையில் வந்த பணம்) ரெண்டு மூணு வருஷமா ஏறலைன்னா, பணம் சரக்கிலோ வராத பில்லிலோ மாட்டியிருக்கு.

கேமரா மாட்யூல், டிஸ்ப்ளே மாதிரி பாகங்களை டிக்ஸன் உள்ளேயே செய்ய ஆரம்பிச்சா மார்ஜின் (100 ரூபா பில்லில் மிஞ்சறது) கூடும். 2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடிக்கு உதிரிபாகத் திட்டம் ஒப்புக்கிட்டது. அதில் டிக்ஸன் என்ன செய்யுதுன்னு தெரிய, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனி முதலீட்டாளர்களோட பேசற அழைப்பின் எழுத்து வடிவத்தைப் படிங்க. என் கருத்து: 3 லட்சத்தையும் ஒரே பங்கில் போடக் கூடாது.

காவேரிப்பட்டணம்:
நேரா ஆப்பிள் பங்கே வாங்கினா?

பாலக்கோடு:
வாங்கலாம், அமெரிக்கச் சந்தை நாஸ்டாக்கில் இருக்கு, துண்டுப் பங்காவும் (ஒரு பங்கில் ஒரு பகுதி) கிடைக்கும். 3 லட்சம் அனுப்பறதுக்கு டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கிற வரி) பிடிப்பு வராது, 2025 ஏப்ரலிலிருந்து வருஷம் 10 லட்சத்துக்கு மேல போனாத்தான். டாலர் மாத்தறப்ப வங்கி எடுக்கிற வித்தியாசத்தை முதலிலேயே கேளுங்க. டிவிடெண்டில் 25% அங்கேயே பிடிச்சுடுவாங்க. அதை இங்கே கட்டற வரியில் கழிச்சுக்க அதுக்கான படிவம் போடணும் (2025-26 வருமானம் வரைக்கும் அது படிவம் 67). 24 மாசம் தாண்டி வித்தா ஆதாயத்துக்கு 12.5% வரி.

பலர் தவறவிடறது அட்டவணை எஃப்ஏ, வெளிநாட்டுச் சொத்தைக் காட்டற இடம். வருமான வரிக் கணக்குப் படிவம் ஐடிஆர் 1ல அது கிடையாது, ஐடிஆர் 2 போடணும், வியாபார வருமானம் இருந்தா 3. எஃப்ஏவில் நிதியாண்டு இல்லைங்க, ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும்தான் கணக்கு.