கம்போஸ் டவுன் போட்டதும் ரப்பர் கடைக் கணக்கு முழுக்கக் காலி. எங்கே போச்சு?

குலசேகரத்துக்காரன்:
மாமாவின் கடையில் ரப்பர் ஷீட் வாங்குகிறோம். யார் எத்தனை கிலோ போட்டார், ஷீட்டின் தரம் ஆர்எஸ்எஸ் 4ஆ 5ஆ, ஒட்டுப்பாலா (மரத்தில் ஒட்டிக் காய்ந்த பால்), முன்பணம் எவ்வளவு என்று எல்லாமே கடைக் கணினியில், டாக்கருக்குள் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் போஸ்ட்கிரெஸ் 16 என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. ஆறு மாதமாக மழையிலும் இடியிலும் கரண்டு போகாத வாரமே இல்லை, ஒரு பதிவுகூடத் தொலைந்ததில்லை. நேற்று போர்ட் எண்ணை மாற்றலாம் என்று கம்போஸ் டவுன் (நிறுத்தும் கட்டளை), பிறகு அப் (மறுபடி எழுப்பும் கட்டளை) போட்டேன். டேட்டாபேஸில் டேபிள் (பதிவு அட்டவணை) ஒன்றுகூட இல்லை! கணக்கு சேரட்டும் என்று கன்டெய்னருக்கு வெளியே மாட்டியிருந்த கோப்புறையைத் திறந்தால் உள்ளே 'டேட்டா' என்று ஒரு வெறும் கோப்புறை மட்டும். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து பழைய நீள நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தக்கலை டிபிஏ:
தம்பி, முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இடம் அடைக்கிறது என்று வால்யூம் ப்ரூன் (டாக்கர் தரவு வைக்கும் இடம்தான் வால்யூம், பயன்பாட்டில் இல்லாதவற்றை இது அழித்துவிடும்) மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. டவுன் போட்டபோது கூடவே 'வி' (வால்யூமையும் அழி என்ற குறி) கொடுத்தீர்களா? கன்டெய்னருக்குள் எந்த இடத்தில் கோப்புறையை மாட்டினீர்கள்?

குலசேகரத்துக்காரன்:
'வி' கொடுக்கவில்லை. மாட்டிய பாதை வார், லிப், போஸ்ட்கிரெஸ்க்யூஎல், அதோடு முடிகிறது. போஸ்ட்கிரெஸ் 18க்கு எழுதிய ஒரு கம்போஸ் கோப்பைப் பார்த்து வைத்தது.

தக்கலை டிபிஏ:
அங்கேதான் கோளாறு. 18இன் இமேஜுக்கு (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) அந்த இடம் சரி. 16 இன்னும் ஒரு படி உள்ளே, 'டேட்டா'வில் எழுதும். அங்கே நீங்கள் எதையும் மாட்டாததால் டாக்கர் தானாகவே பெயரில்லாத வால்யூம் ஒன்றைப் போட்டுக்கொண்டது. கரண்டு போய் வந்தால் எழுவது அதே கன்டெய்னர், அதே வால்யூம். டவுன் போட்டால் கன்டெய்னரே போய்விடும், அடுத்த அப்புக்குப் புது வால்யூம் வரும். பழையது அழியவில்லை, யாரும் கேட்பாரில்லாமல் அங்கேயே கிடக்கிறது. வால்யூம் பட்டியலில் நீளநீளமான எண்ணெழுத்துப் பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் இன்ஸ்பெக்ட் செய்து உருவான தேதியைப் பாருங்கள், ஆறு மாதம் முந்தையதுதான் உங்களுடையது. அதை இன்னொரு 16 கன்டெய்னரில் 'டேட்டா' இடத்தில் மாட்டி, பிஜி டம்ப் (டேட்டாபேஸை ஒரு கோப்பாக எடுக்கும் கட்டளை) எடுங்கள். 18இல் மாட்டினால் எழும்பாது.

நாகர்கோவில் பழசு:
ஒரு கடை, ஒரு கணினி. இதற்கு எதற்கய்யா டாக்கர்? நேரே உபுண்டுவில் நிறுவினால் இந்த வால்யூம் வம்பே இல்லை.

தக்கலை டிபிஏ:
அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்தக் கணினி செத்தால் டாக்கரும் காப்பாற்றாது, உபுண்டுவும் காப்பாற்றாது. தம்பி, ராத்திரி கடை பூட்டும்முன் ஒரு டம்ப் எடுத்து பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புறையை அப்படியே நகலெடுப்பது பேக்கப் ஆகாது.

குலசேகரத்துக்காரன்:
கிடைத்துவிட்டது! பட்டியலில் 11 வால்யூம் இருந்தன, ஒன்பதாவதில் மொத்தமும் இருந்தது. டம்ப் எடுத்து, இந்தத் தடவை பெயர் வைத்த வால்யூமை 'டேட்டா'வில் மாட்டி, ஏற்றியாயிற்று. சனிக்கிழமை ஒருவர் வாங்கிய முன்பணம்வரை சரியாக இருக்கிறது. மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், "சரி" என்றார். நோட்டை இன்னும் உள்ளே வைக்கவில்லை.