புதுப்பிப்பு: தானியங்கி பில்டும் உரிமச் சோதனையும் ஓட ஆரம்பித்துவிட்டன

ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் உள்ள என் பைத்தான் செயலிக்கு, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) பில்டும் (நிரலைச் செயலியாகக் கட்டுவது) உரிமச் சோதனையும் தானாக நடக்க என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போதைய நிலவரம் இது.

பில்ட் சுலபம். கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு யாமல் (அமைப்பு விவரங்களை எழுதும் வடிவம்) கோப்பு, அவ்வளவுதான்.

உரிமம்தான் வேலை வாங்கியது. பலரும் பரிந்துரைத்த ரீயூஸ் கருவியையே எடுத்தேன். ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017-இல் தொடங்கிய திட்டம் அது. ஒவ்வொரு கோப்புக்கும் பதிப்புரிமை வரியும் எஸ்பிடிஎக்ஸ் உரிமக் குறியும் (உரிமத்தைச் சுட்டும் பொதுவான சுருக்கப் பெயர்) இருக்கிறதா என்று 'ரீயூஸ் லின்ட்' பார்க்கும். ஒன்று விடுபட்டாலும் சிவப்புதான், சோதனை தோல்வி. இவ்வளவு கறார் தேவையா என்று முதலில் எரிச்சல் வந்தது, இப்போது பிடித்திருக்கிறது. நிரல் கோப்புகளுக்கு 'ரீயூஸ் அனோடேட்' மொத்தமாக எழுதிக்கொடுத்துவிடும். படத்துக்குள்ளும் எழுத்துருவுக்குள்ளும் கமென்ட் போட முடியாதே? அவற்றை 'ரீயூஸ்.டாமல்' கோப்பில் சேர்த்தேன். எழுத்துருவின் ஓஎஃப்எல் 1.1 (எழுத்துருக்களுக்கான கட்டற்ற உரிமம்) வாசகம் 'லைசென்சஸ்' கோப்புறைக்குள் போய்விட்டது.

கவனிக்க: நாம் பிப் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) மூலம் நிறுவும் நூலகங்களை ரீயூஸ் தொடாது. அதற்கு 'பிப்-லைசென்சஸ்' தனியாக ஓடுகிறது, அனுமதித்த உரிமங்களின் பட்டியலோடு. அப்பாச்சி 2 உரிமம் கொண்ட நூலகம் ஜிபிஎல் 3 செயலிக்குள் வரலாம். 'ஜிபிஎல் 2 மட்டும்' என்றிருப்பது வரக்கூடாது. ஒரே எம்ஐடி உரிமத்தை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.