பாரிஸில் மோன்மார்த் மலை: மூட்டுவலி உள்ள அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

குன்னூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் தங்கை வீட்டுக்கு பாரிஸ் போகிறோம், அப்பாவும் வருகிறார். இங்கே ஒரு பள்ளியில் முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். ஈபிள் டவர் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஓவியர் பிக்காசோ குடியிருந்த அந்த மோன்மார்த் மலைத் தெருவைக் காட்டு, போதும் என்கிறார். ஆனால் முழங்கால் தேய்மானம். குன்னூர் மார்க்கெட்டிலிருந்து மேலே பெட்போர்டு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவார். படி ஏறாமல் மேலே போக வழி இருக்கிறதா? அரை நாள் போதுமா? அங்கே ஓவியர்களிடம் உட்கார்ந்து படம் வரைந்து வாங்கலாம் என்கிறார்களே, வாங்கலாமா?

கோத்தகிரி தேயிலை:
தாராளமாகக் கூட்டிப் போங்கள் அக்கா. கடல் மட்டத்திலிருந்து 130 மீட்டர்தான், நாம் இருக்கும் உயரத்துக்கு அது மேடு. ஆனால் சரிவு செங்குத்து, உச்சியில் இருக்கும் சாக்ரே கேர் தேவாலயத்துக்குப் பக்கவாட்டுப் படியில் போனால் 222 படி. அந்தப் படிகளை ஒட்டியே ஒரு சின்ன இழுவை ரயில் ஓடுகிறது, 1900இல் தொடங்கியது. நம் மலை ரயில் மாதிரி பல்சக்கரம் இல்லை, கம்பி வடம் இழுக்கிறது. மெட்ரோ டிக்கெட்டே செல்லும், இரண்டு நிமிஷத்துக்குள் மேலே இறக்கிவிடும். 40ஆம் எண் பஸ்ஸும் மலைத் தெருக்களுக்குள்ளேயே போகிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், மலைக்குப் போக இறங்கும் அபெஸ் மெட்ரோ ஸ்டேஷன் தரைக்கு 36 மீட்டர் கீழே. சுவரெல்லாம் ஓவியம் என்று ஆசைப்பட்டு அங்கே சுற்றுப்படியில் ஏறிவிடாதீர்கள், லிப்டில் வாருங்கள்.

பெருமாள்மலை டு பாரிஸ்:
நான் பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் குடியிருக்கிறேன், அந்த மலைக்கு நடந்தே போவேன். பெரும்பாலானவர்கள் தேவாலய வாசலில் போட்டோ எடுத்து, பிளாஸ் து தெர்த்ர் சதுக்கத்தில் காபி குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது அங்கே இல்லை, மலையின் முதுகுப்பக்கம் இருக்கிறது. சதுக்கத்திலிருந்து சில நிமிஷ நடையில் ரூ கோர்த்தோ தெரு, 12ஆம் எண் வீடு. இப்போது மியூசியம். ஓவியர் ரெனுவார் 1876இல் அங்கே தங்கி வரைந்திருக்கிறார். பிறகு சூசன் வலதோன். துணி வெளுக்கும் அம்மாவின் மகள், ஓவியர்களுக்கு மாடலாக நின்று நின்றே வரையக் கற்றவர். அவருடைய ஓவிய அறையைத் திரும்ப அமைத்து வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் விழும் பெரிய ஜன்னலோடு. டிராயிங் மாஸ்டர் அந்த ஒரு அறையில் ஒரு மணி நேரம் நிற்பார், அவசரப்படுத்தாதீர்கள். அதற்குக் கீழே 1933இல் நட்ட திராட்சைத் தோட்டம். அக்டோபரில் அறுவடைத் திருவிழா உண்டு, அந்த வார இறுதியில் கூட்டம் நெரியும், வேறு நாள் பாருங்கள்.

பிக்காசோ இருந்த, ஓவியர்கள் குடியிருந்த பாத்தோ லவுவார் கட்டடம் பற்றி அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 1904இல் அங்கே குடிவந்து 1907இல் அவிஞ்ஞோன் பெண்கள் படத்தை வரைந்தது அங்கேதான், ஆனால் அந்த மரக்கட்டடம் 1970இல் எரிந்துபோனது. முகப்பு மட்டும்தான் மிச்சம், உள்ளே விடமாட்டார்கள். தெரியாமல் போனால் மனசு உடைந்துவிடும். அதன் எதிரில் மரநிழலில் பெஞ்சு போட்ட சின்னச் சதுக்கம் இருக்கிறது. அங்கே உட்காரட்டும்.

ஓவியர்கள் ஏன் இந்த மலைக்கு வந்தார்கள் என்றால், 1860 வரை இது பாரிஸ் எல்லைக்கு வெளியே இருந்த கிராமம். மதுவுக்கு நகர வரி கிடையாது, வாடகை மலிவு. காசில்லாதவர்கள் வந்தார்கள்.

உதகை மழை:
படம் வரைந்து வாங்குவது பற்றி. பிளாஸ் து தெர்த்ர் சதுக்கத்தில் ஸ்டாண்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நகராட்சி அனுமதி பெற்றவர்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்து வரைய ஆரம்பிப்பவர்களை நிற்காமல் கடந்துவிடுங்கள். அடிவாரத்தில் கையில் கயிறு கட்ட வருவார்கள், என் அம்மாவுக்குக் கட்டிவிட்டு இருபது யூரோ கேட்டு வழி மறித்தார்கள், அம்மா பயந்து அழுதுவிட்டார். கையை நீட்டவே கூடாது. மற்றபடி சதுக்கத்து ஓவியர் ஒருவர் அம்மாவைக் கரித்துண்டில் வரைந்த படம் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது, காதோரம் கலைந்திருந்த முடியைக்கூட விடாமல் வரைந்திருந்தார். விலை பேசிவிட்டு உட்காருங்கள்.

குன்னூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. எரிந்துபோனதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் முகப்பு இருக்கிறதல்லவா, அதை வரைந்துகொள்கிறேன் என்றார். அந்த பெஞ்சில் உட்கார்ந்து வரைய யாரும் தடை சொல்வார்களா?

பெருமாள்மலை டு பாரிஸ்:
நோட்டில் வரைய யாரிடமும் கேட்க வேண்டாம் அக்கா. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் இடம் காலியாக இருக்கும். கல் பதித்த தெரு, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். அக்டோபர் காலைக்கு குன்னூர் ஸ்வெட்டரே போதும். மதியம் லா ஷப்பேல் பக்கம் வாருங்கள், மாணிக்க விநாயகர் கோயிலைப் பார்த்துவிட்டு தோசை சாப்பிடலாம்.